பருத்திப்பட்டு ஏரிக்கரையில்

இன்று விடியற்காலை மகளோடு ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடந்தேன். கூழைக்கடா ஒன்று அலகைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டோம்.

இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வேல மரங்கள் அடர்ந்த திருவேற்காடு. முல்லை படர்ந்த திருமுல்லைவாயில். தொண்டைமான் மன்னனின் யானைக் கால்களே முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டதாம், தலபுராணம் சொல்கிறது. அங்கே மாசிலாமணீஸ்வரர் கோயிலில் எருக்கந்தூண்களை இன்றும் பார்க்கலாம்.  இந்த ஊர்களின் காடுகளையெல்லாம் வெட்டி மனை போட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

"வேல மரம் எப்படிப்பா இருக்கும்?" என்றாள் மகள்.

அடுத்த ஞாயிறு திருவேற்காடு வேதபுரீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே தலவிருட்சம் வெள்வேல மரம்.