ஒடுங்கிய ரயர்

அலுவலகத்திற்கு நாள்தோறும் ‘ஹைபிரிட்’ சைக்கிளில் செல்வோர் சிலர், அதன் 38 மில்லிமீற்றர் ரயரை வெறுத்து 25 ஐ நாடுகின்றனர். ஒடுக்கமே வேகம் என்னும் நம்பிக்கை முற்றிலும் சரியன்று. ஒரே காற்றழுத்தத்தில் அகன்ற ரயர் குறைவாகவே நெளிகின்றது. ஆதலின் குறைந்த சக்தியையே இழக்கின்றது. ஒடுங்கியதற்கோ கூடிய அழுத்தம் வேண்டும். கரடான வீதியில் அவ்வழுத்தம் அதிர்வாக மாறி முதுகைத் தாக்கும். வீதிப் பந்தய வீரர்களே 23 ஐக் கைவிட்டு 28 க்கு வந்துவிட்டனர்! தார் வீதியில் வேகத்தைத் தின்பவை பெரும்பாலும் ரயரின் தடித்த முண்டுகளும் விறைத்த சுவருமே. எனவே முண்டற்ற, மெல்லிய சுவருடைய 32 போதும். பழைய ரயரில் 622 என்றிருப்பின் புதியதிலும் அவ்வெண்ணே இருத்தல் வேண்டும். றிம்மின் உள்ளகலத்தையும் அளத்தல் அவசியம். குழியில் இறங்கும்போது ஒடுங்கிய ரயரின் ரியூப் றிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரு துளைகள் விழும். அன்று அலுவலகத்திற்கு நடைதான்.