பூவுக்கும் அப்பா பேர் கேக்குறாங்க

கினிகத்தேனை மழை ஓர்கிட்டுக்கு நல்லாவே ஒத்துக்கும். லயத்து வாசல்ல, தேங்காய் மட்டையில பாட்டி கட்டி வளர்த்த ரெண்டு டென்ட்ரோபியத்தை நாங்க கலப்பு செஞ்சோம். ஒரு பூவின் மகரந்தக் கட்டியை ஈர்க்குச்சியால எடுத்து, மற்றதன் சூல்முடியில ஒட்டினோம். காய் பிடிச்சிருச்சு! ஆனால் தூசி மாதிரியான அந்த விதைகளில் சேமித்த உணவு கிடையாது. கிருமி படாத போத்தலில், சத்துக்கூழில்தான் முளைக்க வைக்கணும். பூ பார்க்கச் சில வருஷமாகும்.

புது ஓர்கிட் கலப்புகளுக்குப் பேர் பதிவது லண்டனிலுள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம். தாய்ச்செடி எது, தந்தைச்செடி எது என்று சொல்லியாகணும். ஆக்னஸ் ஜோக்கிம் உருவாக்கிய வண்டாவை 1893இல் விவரித்த ரிட்லியும் பெற்றோர் ரெண்டையும் எழுதினார். இன்று அது சிங்கப்பூரின் தேசிய மலர். எங்க செடிகளோ பெயர்ச்சீட்டு இல்லாம வாங்கினவை. அதனால் பதிவு கிடையாது.

இது எங்களுக்குப் பழகின கதைதான். 1948 குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவங்ககிட்டயும் அப்பா பிறந்த இடத்துக்கு ஆதாரம் கேட்டது. கடதாசி இல்லாம மலையகத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவங்களா ஆனாங்க. பாட்டியும் அவங்கள்ல ஒருத்தர்.

இப்போ காயில ஒரு சீட்டு கட்டியிருக்கோம்: கலப்பு செஞ்ச தேதி, ரெண்டு பூக்களின் நிறம், இதழளவு. லண்டன் ஏட்டில் ஏறாட்டியும், பூத்தா அதுக்குப் பாட்டி பேர்தான்.