சுமையறிந்து ஏற்றுதல்

உடல் வலிமை போற்றத்தக்கது. ஆயினும், அறிவின் துணையின்றி அதனைச் செலவிடுபவன் தன்னையே செலவிட்டு முடிக்கிறான். இவ்வுண்மையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை பரந்து கிடக்கும் தோட்டங்களில், லாரியின் பின்புறம் நின்று பாரம் ஏற்றுவோரைச் சற்றே உற்றுநோக்கினால் போதும்.

இவ்வட்டாரம் வரலாற்றுச் சிறப்புடையது. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் என்று தமிழ்ப்பெயர் தாங்கிய தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கிற்று. அதற்கு முன்பும் பின்பும் ரப்பர்க் காட்டில் பால் சுமந்த நம் முன்னோர், காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, எடையைச் சமன்செய்து நடந்தனர். ஏட்டுக்கல்வி வாய்க்காதவரிடத்தும் நிறையறிவு இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

செம்பனை பெருகியபின் சுமையின் தன்மை மாறியது. முதிர்ந்த மரத்தின் குலை இருபது கிலோவையும் தாண்டும், முள்ளும் நிறைந்தது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிடில் எண்ணெயில் அமிலம் மிகும். கூலியோ பெரும்பாலும் டன் கணக்கில். காலமும் கூலியும் இருபுறமும் நின்று துரத்த, ஏற்றுபவர் தம் தோளுக்கும் மேலாகக் குலையை எறிகிறார். அவசரம் அவருடையதன்று, வளைந்து முறியும் முதுகு மட்டுமே அவருடையது.

குலையினும் கொடியது இயந்திரம். கடலோரத் தாழ்நிலங்களில் நீரிறைக்கும் பம்பினை இடம் மாற்றுவதற்காக லாரியில் ஏற்ற நேர்ந்தால், “நாலு பேர் பிடித்தால் ஏறிவிடும்” என்னும் குரலே முதலில் எழும். நால்வரில் ஒருவர் கால் வழுக்கினால் எஞ்சிய மூவர்மேல் முழுப்பாரமும் சாயும் என்பதை அக்குரல் எண்ணுவதில்லை.

மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என எச்சரித்த வள்ளுவர், அதே வலியறிதல் அதிகாரத்தில் செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி ஆகிய நான்கையும் சீர்தூக்கச் சொன்னார். வேந்தனுக்கு உரைத்த அவ்வறிவுரை, பாரம் ஏற்றுவோனுக்கும் முற்றும் பொருந்தும்.

செயலின் வலியாவது சுமையின் எடை. முந்நூறு கிலோ எடையுள்ள பம்பு. லாரித் தளத்தின் உயரம் 1.2 மீட்டர். 3.6 மீட்டர் நீளமுள்ள உறுதியான பலகையைச் சாய்த்து வைத்தால், இழுக்க வேண்டிய பாரம் ஏறத்தாழ நூறு கிலோவாகக் குறையும். உராய்வு அதனைப் பெரிதும் கூட்டக்கூடும். தன் வலியாவது மனித உடலின் எல்லை. வளர்ந்த ஆடவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என 1967இல் அனைத்துலகத் தொழில் நிறுவனம் பரிந்துரைத்தது. ஆகவே, பம்பைச் சங்கிலிக் கப்பியால் மேலிருந்து இழுப்பதே முறை.

மாற்றானாவது மழையில் ஊறிய மண். சக்கரம் ஒருபுறம் புதைந்தால் லாரி சாயும். ஆதலால் கெட்டியான தரை தேர்ந்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். துணையாவன பலகையும் கயிறும் உடனுழைப்போரும். பலகையின் மேல்முனை நழுவாதபடி லாரியுடன் பிணைக்கப்பட வேண்டும். ஏறும் பாரத்தின் கீழ்ப்புறம் எவரும் நிற்றலாகாது. கட்டளையிடும் குரல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஏற்றிய பாரம் பின்அச்சுக்கு அப்பால் தங்கினால் முன்சக்கரங்கள் இலேசாகி, வண்டி திருப்பத்துக்குக் கட்டுப்படாது. எனவே அதனை முன்தள்ளி நடுவில் நிறுத்தி, இறுகக் கட்டுதல் கடன்.

இவற்றைச் செய்யச் சிறிது நேரம் ஆகும். அந்நேரத்தைத் தொழிலாளிக்கு யார் கொடுப்பது என்பதே வினா. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விபத்துக்குப் பின் உதவித்தொகை தரும். நசுங்கிய விரலைத் தராது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து நேருமென நம்ப நியாயமான காரணம் இருந்தும் முதலாளி அதனை நீக்காவிடில், அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையை அது தொழிலாளிக்கு அளிக்கிறது. ஆனால், அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவன் தனித்து நின்று ‘மாட்டேன்’ என்பது எளிதன்று.

இன்று குலை ஏற்றுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துத் தமிழரின் மக்களுள் பலர் லாரி ஓட்டுநராகவும் குத்தகையாளராகவும் உயர்ந்துள்ளனர். ஏவும் இடம் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. தந்தையின் தோளில் காய்ப்பேறிய தழும்பைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அடுத்தவன் தோளில் அதே தழும்பை ஏற்றாதிருப்பது அவர்களது கடமையாகும். பலகை ஒன்றும் கயிறு ஒன்றும் கால்மணி நேரமும் கொடுத்தால், மாலையில் ஒரு குடும்பத்தின் தலைவன் முழு உடம்போடு வீடு திரும்புவான்.