வீரப்பூர் செல்லும் வழியில் ஒரு வழக்கு

கோவையிலிருந்து கிழக்கே கரூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பல்லடத்தைக் கடந்து காங்கேயத்தை நெருங்கும்போது நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. விசைத்தறிகளின் ஓசை பின்தங்க, இருபுறமும் கிளுவை முள்வேலி சூழ்ந்த கொரங்காடுகளும், வெள்வேல மர நிழலில் அசைபோட்டு நிற்கும் காங்கேயம் மாடுகளும் கண்ணில் படுகின்றன. மழை குறைந்த மண். உழைப்புக்கு அஞ்சாத மக்கள். இம்மண்ணின் சொந்தக் கதையாகிய அண்ணன்மார் கதையைக் கேட்கவே நாம் அவ்வழியே சென்றோம். பக்கத்து வீட்டு நண்பர், தம் சொந்த ஊரில் பல இரவுகளாகப் பாடப்பட்டு வந்த கதை முடிவுறும் இரவுக்கு நம்மைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். மறுநாள் வீரப்பூருக்கும் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தார்.

கதை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுவோம். பொன்னிவள நாட்டில் குன்னுடையானும் அவர் மனைவி தாமரையும் மகப்பேறின்றி வருந்தினர். தாமரையின் நெடுந்தவத்தின் பயனாகப் பொன்னர், சங்கர் என்னும் ஆண்மக்கள் இருவரும் தங்காள் என்னும் பெண்ணும் பிறந்தனர். அண்ணன்மாருக்கு ஆயுள் 16 ஆண்டுகளே என்பது வரத்தோடு வந்த விதி. தங்கை ஒருநாள் கிளி வேண்டுமென்று கேட்க, அண்ணன்மார் வேட்டுவர் காட்டிற்குச் சென்று சோடிக்கிளியில் ஒன்றை மட்டும் பிடித்து வந்தனர். துணையிழந்த கிளி வேட்டுவர் குலப் பெண்ணிடம் சென்று அழுதது. அதன்பின் கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வந்து பயிரை அழித்தது. வீரர் சங்கரால் முடியாததைப் பொன்னாச்சி என்னும் சிறு நாய் முடித்தது. தொடர்ந்து மூண்ட போரின் இறுதியில் அண்ணன்மாரும், அவர்களை விட்டுப் பிரியாத சாம்புவனும் வீரமலைக் காட்டில் உயிர் துறந்தனர். தேடி வந்த தங்காள் அவர்களை எழுப்பினாள்; சிறிது நேரம் பேசியபின் மீண்டும் அவர்கள் மண்ணில் சாய்ந்தனர்.

மாலையில் திண்ணையில் அமர்ந்திருந்தபோது வழக்கைத் தொடங்கி வைத்தவன் நண்பரின் மகன்.

“ஏனுங் அப்பாரு, பதினாறு வயசுக்குள்ள நாட்டை ஆண்டு, கல்யாணம் பண்ணி, இத்தனை சண்டையும் எப்படீங் போட்டாங்க?”

“அந்தக் காலத்துப் பதினாறு வேற கண்ணு” என்று பெரியவர் சொல்ல, எல்லாரும் சிரித்தனர். ஆனால் கேள்வி அத்தோடு நிற்கவில்லை. அண்ணன்மாருக்கு மணம் நடந்தும் அவர்கள் மனைவியரோடு வாழவில்லை என்கிறது கதை. “அந்த ரெண்டு பொண்ணுங்க என்ன பாவம் பண்ணுனாங்க?” என்று உள்ளிருந்து மருமகள் கேட்டார். அதற்கு ஒருவரும் விடை கூறவில்லை.

சங்கர் மாண்ட விதத்தில் வழக்கு முற்றியது. மாயவர் எய்த மலர்க்கணையால் தம் காலம் முடிந்ததை உணர்ந்து, அவரே தம் வாளின்மேல் விழுந்தார் என்றார் பெரியவர். இல்லை, வேட்டுவரின் வஞ்சனையே கொன்றது என்றார் மற்றொருவர். அதுவரை பேசாதிருந்த இளைஞர் ஒருவர் மெதுவாக வாய் திறந்தார். அவர் நண்பரின் தறிக்கூடத்தில் பங்கு சேர்ந்தவர்; வேட்டுவ மரபில் வந்தவர்.

“கிளி புடிக்கக் காட்டுக்குள்ள போனது யாருங்க? அந்தக் காடு யாருதுங்க?”

சற்று நேரம் திண்ணையில் பேச்சில்லை. அதுகாறும் விளையாட்டாக நடந்த வழக்கு, அந்த ஒரு சொல்லில் உயிருள்ள மனிதரின் வழக்காயிற்று. ஏர் பிடித்தோர் சொல்லிவந்த கதையில் வில் பிடித்தோர் எப்போதும் பகைவராகவே வருகின்றனர். காடு கழனியான காலத்தில் இரு தரப்பாருக்கும் நேர்ந்ததை ஒரு தரப்பு மட்டுமே பாடினால், மறுதரப்புப் பிள்ளை அதை எந்த முகத்தோடு கேட்பான்?

இக்கதையின் முரண்களை அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் 1965-இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கடிப் பாடகர்கள் பல இரவுகள் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னர் அதே பாடகர் ஊர்க்கூட்டம் இல்லாத இடத்தில் கதையைச் சொல்லச் சொல்ல எழுதவும் வைத்தார். ஒரே வாயிலிருந்து வந்தும் இரண்டும் ஒன்றாக இல்லை! 1982-இல் வெளிவந்த அவருடைய நூல் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. கவிஞர் சக்திக்கனல் 1971-இல் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்தார். கலைஞர் மு. கருணாநிதி பொன்னர் சங்கர் என வரலாற்றுப் புதினமாக எழுதினார். அது 2011-இல் திரைப்படமாகவும் வந்தது. ஒவ்வொன்றும் வெளிவந்தபோது திண்ணை வழக்குகளும் பெருகினவேயன்றிக் குறையவில்லை.

இவ்வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவில் 1969 ஆகஸ்ட் 9-ஆம் நாள் பேய் மாளிகை ஒன்று திறக்கப்பட்டது. 999 ஆவிகள் குடியிருப்பதாகச் சொல்லி, பார்வையாளரை ஊர்தியில் அமர்த்தி உள்ளே அழைத்துச் செல்கின்றனர். அமைத்த கலைஞருள் மார்க் டேவிஸ் சிரிப்பை விரும்பினார். கிளாட் கோட்ஸ் அச்சச் சூழலை விரும்பினார். இருவர் விருப்பமும் கலந்ததால் தொடர்ச்சியான கதை ஒன்று அதற்கு அமையவில்லை. பரணில் நிற்கும் மணப்பெண் யார்? தொடக்கத்தில் அவள் இதயம் துடிக்க நின்ற இரங்கத்தக்க உருவம். 2006-இல் அவளையே கணவர்களைக் கொன்ற கொடியவளாக மாற்றினர். பழையதே உண்மை என்போரும் புதியதே பொருத்தம் என்போரும் வழக்காடினர். கட்டணம் செலுத்திச் சில நிமிடங்கள் காணும் காட்சிக்கே இத்துணை வழக்கு என்றால், குலமும் நிலமும் கலந்த கதைக்குக் கேட்க வேண்டுமா?

விசுவாசிகளாகிய நமக்கும் இது புதிதன்று. உயிர்ப்பு ஞாயிறன்று கல்லறையில் மத்தேயு காட்டுவது ஒரு வானதூதர். யோவான் காட்டுவது இருவர். இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் இணைத்து ஒரே நூலாக்கினார். சிரிய நாட்டுத் திருச்சபைகளில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. எனினும் திருச்சபை நான்கையும் தனித்தனியே காத்து நமக்குத் தந்தது. மறைநூலையும் நாட்டார் கதையையும் நாம் சமமாக வைக்கவில்லை. சாட்சிகள் பலராயின் சொற்கள் பலவாகும் என்பதையும், அதற்காக எந்தச் சாட்சியையும் வெளியே தள்ளவேண்டியதில்லை என்பதையும் மட்டுமே நினைவுகூர்கிறோம்.

இரவு உடுக்கை ஒலித்தது. நள்ளிரவுக்குப்பின் படுகளம் வந்தது. கொங்கு ஊர்கள் பலவற்றில் உள்ள வழக்கப்படி, அருள் வந்த இளைஞர் சிலர் மாண்டவர்போல் தரையில் சாய்ந்தனர். வெள்ளைத் துணி போர்த்தப்பட்டுக் கிடந்த அவ்வுருவங்களைப் பார்த்து அவரவர் தாய்மார் உண்மையாகவே அழுதனர். தங்காளின் புலம்பல் எழுந்தபோது, மாலையில் வாதாடிய பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இரண்டடி தள்ளி அந்த வேட்டுவ இளைஞரும் தலைகுனிந்து நின்றார். அண்ணன் மாண்ட துயரை இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று யாரும் பிரித்துத் தரவில்லை. தீர்த்தம் தெளித்துக் கிடந்தவர்களை எழுப்பியபோது கிழக்கு வெளுத்திருந்தது.

காலையில் கரூர் வழியாக மணப்பாறையை அடுத்த வீரப்பூரை அடைந்தோம். மாசித் திருவிழாவில் திரளும் பெருங்கூட்டம் அன்று இல்லை. பெரியகாண்டியம்மன் கோவில் அமைதியாக இருந்தது. வெயிலில் வீரமலை மங்கலாகத் தெரிந்தது. பொன்னி என்று காவிரியின் பெயர் தாங்கிய நாடு இவ்வளவு வறண்டிருப்பதேன் என்று சிறுவன் அங்கேயும் தன் வழக்கைத் தொடர்ந்தான். பிறகு பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு கேட்டான்:

“ஆத்தா, செத்தவங்களை எழுப்பத் தெரிஞ்ச தங்காளு, அண்ணன்மார ஏன் அப்படியே பொழைக்க வெக்கல?”

பாட்டி மலையையே பார்த்தபடி சற்று நின்றார். அவர் தம் மகன் ஒருவனை இளம் வயதில் மண்ணுக்குக் கொடுத்தவர் என்பதை நண்பர் முன்பே நமக்குச் சொல்லியிருந்தார்.

“பொழைக்க வெக்கறதுக்கு எழுப்பல கண்ணு. சொல்லாமப் போயிட்டாங்கல்ல, ஒரு வார்த்தை பேசி அனுப்பறதுக்குத்தான் எழுப்புனா.”

எந்த ஏட்டிலும் இவ்விளக்கம் இருப்பதாக நாம் அறியோம். ஆயினும் அதனை மறுத்துப் பேச அங்கு யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் கிளி வழக்கு மீண்டும் எழுந்தது. இம்முறை அதை எடுத்தவர் பெரியவர். இளைஞரை அருகில் அமரச் சொல்லி, “உங்க ஊட்டுல இந்தக் கதைய எப்படிச் சொல்லுவாங்க தம்பி? மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றார். கரூர் தாண்டி, வெள்ளகோவில் தாண்டி, காங்கேயம் வரும்வரை அவர் குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை.