இனம் பிரித்தல் எதற்காக?

உயிரினங்களை வகைப்படுத்தும் பாடம் நடுநிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. முதுகெலும்புள்ளவை, அஃதில்லாதவை, பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என்று பிள்ளைகள் மடமடவென ஒப்பித்துவிடுவர். 'எதனை அளவுகோலாகக் கொண்டு பிரித்தோம்?' என்று வினவினால் வகுப்பு வாயடைத்து நிற்கும். அந்த வினாவே இப்பாடத்தின் உயிர் என்பது நம் கருத்து.

வௌவாலை எடுத்துக்கொள்வோம். பறப்பதால் அது பறவை என்பர் சிறுவர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த பேரறிஞர் ஜாஹிழ், தமது 'கிதாபுல் ஹயவான்' என்னும் நூலில் உயிர்களை நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என நான்காக வகுத்தவர். வௌவாலிடம் வந்ததும் அவரும் சற்றே நின்று நோக்குகிறார். அதற்கு இறகில்லை, அது குட்டி ஈன்று பாலூட்டுகிறது, செவியும் பல்லும் உடையது. ஆயினும் மக்கள் வழக்கில் அது பறவையே என்கிறார். அசைவை நோக்கினால் பறவை. ஈற்றையும் பாலையும் நோக்கினால் பாலூட்டி. வௌவால் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

நம் தொல்காப்பியமும் இதற்குச் சான்று. மரபியலில் உயிர்கள் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கப்படுகின்றன. அங்கே அளவுகோல் புலனறிவு. அதே இயலில் எலியும் மூவரி அணிலும் வெருகும் 'குட்டி' என்னும் இளமைப் பெயரால் ஒன்றுசேர்கின்றன. இங்கே அளவுகோல் சொல்வழக்கு. இன்றைய உயிரியலோ உடலமைப்பையும் மரபு வழியையும் நோக்கி, எலியையும் அணிலையும் கொறித்துண்ணிகளில் சேர்த்து, வெருகை ஊனுண்ணிகளில் வைக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் இப்பாடத்திற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் 1988இல் சாம்பல் நிற அணிலுக்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021இல் அக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் இணைந்தது. அந்த அணிலும் மேற்கு மலைத் தொடரின் மலபார் மலையணிலும் ஒரே பேரினம். எனினும் சிற்றினம் வேறு. இராஜபாளையம் நாயோ வெண்ணிற உடலும் உயர்ந்த கால்களும் கொண்டது. 2005இல் அஞ்சல் தலையிலும் இடம்பெற்ற பெருமைக்குரியது. அதையும் தெருவில் திரியும் நாட்டு நாயையும் அருகருகே நிறுத்தினால் இரு வேறு விலங்குகளோ என்று ஐயுறத் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரே சிற்றினமே! வெளித்தோற்றம் மட்டும் தீர்ப்புச் சொல்லப் போதாது என்பதை இவற்றினும் தெளிவாக உரைக்கும் பாடநூல் எது?

இங்கேதான் நாம் மனிதனைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டுள்ளோம். உயிரியலில் மாந்தர் யாவரும் ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் ஒரே சிற்றினம். ஆனால் நம் தென் மாவட்டங்களில் சில பிள்ளைகள், தெரு கற்பித்த வேறொரு வகைப்பாட்டை மணிக்கட்டில் வண்ணக் கயிறாகக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகின்றனர். 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமையை நாடறியும். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் அக்கயிறுகளுக்குத் தடை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது அரசின் பணி. கருத்தை அறுப்பது ஆசிரியரின் பணி.

மாந்தர் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதற்குத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் 13ஆம் வசனம் கூறும் காரணம் 'தஆருஃப்', அதாவது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல். 'மஃரிஃபா' என்னும் அறிவும் இதே வேரில் முளைத்த சொல்லே. மேன்மைக்கு அவ்வசனம் கூறும் அளவுகோல் இறையச்சம் ஒன்றே, பிறப்பு அன்று.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் பட்டியலுக்கு முன் வினாவைத் தருவார்களாக. வேம்பு, புளி, முருங்கை, ஆல் ஆகியவற்றின் இலைகளைக் கொடுத்து இருவேறு வகையாகப் பிரிக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் அளவுகோலைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வைப்பார்களாக. 'எதை வைத்துப் பிரித்தாய்?' என்று இலையிடம் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தெருவிடமும் அதையே கேட்கும்.