பூவுக்கு ஏது நாளைக்கு?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். வாசனையிலேயே தூக்கம் பறந்துவிடும். விலையைக் கேட்டால் சம்பளமும்! 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லியாயிற்றே! முகூர்த்த நாளில் வைத்ததுதான் விலை. மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் போனது அத்தை மகனுக்குத் துணையாக. வேலை தேடி அலுத்தவன், எங்கள் தெருமுனையிலேயே பூக்கடை போட்டுவிட்டான். ஒரு ஸ்டூல், ஒரு பலகை, ஈரத்துணி, நார். அவ்வளவுதான் கடை. காலையில் கிலோவில் வாங்கும் மொட்டைக் கட்டி, அன்றைக்கே முழத்தில் விற்றாக வேண்டும். மிஞ்சினால் குப்பை.

பெரிய சிக்கல், சொந்தத் தெரு! "நம்ம புள்ள கடைதானே, ரெண்டு முழம் குடுப்பா. காசு நாளைக்கு" என்பாள் சித்தி. "கையை நல்லா நீட்டி அளடா" என்பாள் பாட்டி.

"எப்படிடா சமாளிக்கிறே?"

"கடன் சொன்னவங்களையெல்லாம் மாச வாடிக்கை ஆக்கிட்டேன் மாப்ளே. தெனமும் வாசலுக்கே பூ வந்துரும். காசு மட்டும் முன்கூட்டியே. எத்தனை முழம் போகும்னு தெரியறதால, மார்க்கெட்ல அளவா வாங்கறேன். குப்பைக்குப் போறது கொறஞ்சிருச்சு."

"சொந்தக்காரன், எனக்குமா அட்வான்ஸ்?"

"சேச்சே, உனக்குப் போய் ஒரு மாசமா? ரெண்டு மாசம்!"