மழைக்கு ஒரு பேரேடு

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறாரா, பாருங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மனிதருக்குக் கால் தரையில் நிற்காது. வானம் கறுத்தால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். இவர் மேகம் பார்க்க மொட்டைமாடிக்கு ஓடுவார். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தால், செல்போனில் ரேடார் படம்!

இருக்கிறார் என்றால் இந்த வாரம் உங்களுக்குத்தான். இந்த மழைப் பைத்தியங்களுக்குப் பிறந்தநாள் வந்தால் என்ன வாங்கித் தருவது? சட்டை எடுத்துக் கொடுத்தால் ‘நல்லாருக்கு’ என்று சொல்லி பீரோவில் வைத்துவிடுவார். குடை வேண்டவே வேண்டாம். அது மழைக்குப் பயந்தவர்களின் பொருள்.

கிஃப்ட் கடைகளில் ‘ஸ்டார்ம் கிளாஸ்’ என்று ஒன்று விற்கிறார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் கற்பூரம் கலந்த திரவம். அதில் வெள்ளை வெள்ளையாகப் படிகம் பூக்கும். அதைப் பார்த்துப் புயலைச் சொல்லிவிடலாம் என்று 19-ம் நூற்றாண்டில் பிரிட்டனில் பலர் நம்பினார்கள். டார்வினை ஏற்றிச்சென்ற பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய்கூட இதை உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். உண்மையில் அது வெப்பம் ஏறி இறங்குவதற்குத்தான் அசைந்து கொடுக்கிறது. ஷோகேஸுக்கு அழகு, அவ்வளவுதான். உங்கள் ஆள் ரெண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

பாரோமீட்டர் பரவாயில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணிவாக்கில் ஏறும், மாலை நாலு மணிவாக்கில் இறங்கும். புயல் இல்லாத நாளிலும் இதே கதைதான். சாயங்காலம் முள் இறங்கியதைப் பார்த்துவிட்டு, ‘புயல் வருது, மெழுகுவத்தி வாங்கு’ என்று வீட்டையே கிளப்பிவிடக் கூடாது.

என் ஓட்டு மழைமானிக்கு. சில நூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. கூடவே கோடு போட்ட ஒரு லாங் சைஸ் நோட்டும் வாங்கிவிடுங்கள். பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பேரேடு ஞாபகம்தானே வரும்! மழையும் வரவுக் கணக்குதான் சார். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மொட்டைமாடி 1,000 சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். ஒரு பெரிய தண்ணி லாரி வாசலுக்கு வந்து, பில் கொடுக்காமல் போன மாதிரி. அதைப் பிடித்து வைக்கிறோமா, சாக்கடையில் செலவெழுதுகிறோமா என்பது நம் கையில்.

மழைமானியைச் சுவரோரம் வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ மானியைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதிவிட்டு, கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். வானிலைத் துறையின் மழை நாளும் 8.30-க்குத்தான் முடிகிறது. 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அவர்கள் கணக்கில் அது மழை நாள்.

‘அதான் டி.வி.யிலேயே சொல்றாங்களே’ என்பீர்கள். டி.வி. சொல்வது ஊருக்கு. உங்கள் தெருவுக்கு யார் சொல்வது? 2015 டிசம்பர் 2 காலை 8.30-டன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை. அதே நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ.! ஒரே ஊர், ஒரே ராத்திரி. மின்சார ரயிலில் போகிற தூரத்துக்குள் 20 செ.மீ. வித்தியாசம்.

மயிலாடுதுறை பக்கம் கிராமத்தில் என் பெரியப்பா இருக்கிறார். பெரியம்மா போன பிறகு பேச்சே குறைந்துவிட்டது. போன் செய்தால் ‘ம்’, ‘சாப்புட்டேன்’, ‘வச்சிடவா?’. அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து வானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர். ஒரு மழைமானியும் நோட்டும் அனுப்பி வைத்தேன்.

“இதெல்லாம் எதுக்குப்பா? ஒரு உழவு மழையா, ரெண்டு உழவு மழையான்னு மண்ணைத் தோண்டுனா தெரிஞ்சிடப் போவுது” என்றார்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை 8.35-க்கு போன். “தம்பி, இருபத்திமூணு மில்லி. அங்க எவ்வளவு?” அவராக எனக்கு போன் செய்து வெகுநாளாகியிருந்தது.

தீபாவளிக்குப் போனபோது நோட்டைப் புரட்டினேன். தேதி, மழை என்று இரண்டு கட்டம்தான் நான் சொல்லியிருந்தேன். அவர் மூன்றாவதாக ‘விவரம்’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தார். ‘நாத்தங்கால்ல தண்ணி நிக்கிது.’ ‘கரன்ட் இல்லை.’ ‘அவ வச்ச முருங்கை சாஞ்சிட்டுது.’ மழையே இல்லாத நாட்களுக்கும் விடாமல் பூஜ்யம் எழுதியிருந்தார். நான் இருக்கும்போதே பக்கத்து வயல்காரர் ஒருவர் வந்து, “எத்தனை மில்லிண்ணே? யூரியா போடலாமா?” என்று திண்ணையில் உட்கார்ந்தார். பேச்சு அரை மணி நேரம் ஓடியது. பெரியப்பாதான் அதிகம் பேசினார்.

அதனால், மழைமானி வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். காலையில் ‘இன்னிக்கு எவ்வளவு?’ என்று நீங்கள் கேட்க வேண்டும். அதுதான் பரிசின் மீதிப் பாதி. அதற்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

ஒன்றே ஒன்று. வாங்குவதாக இருந்தால் பருவமழை தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். முதல் மழை கணக்கில் ஏறாமல் போனால், உங்கள் ஆள் அடுத்த வருஷம் வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்!